கறுப்புக் கயிற்றில் தொங்கிய பென்

நோபர்ட் ஒரு பயந்தாங்கொள்ளி. வேறு யாராவது இப்படிச் சொன்னால் நான் சும்மா விடமாட்டேன். நான் சொல்லலாம், நான் அவருடைய பெண்சாதி.

மனுஷனுக்குப் பயமில்லாத சாமான் ஒன்று உண்டா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். இடி, நாய், ஊசி, பல் டாக்டர், பஸ் பாலத்தில் ஏறுகிற நேரம், எல்லாமே பயம். காக்கி உடுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். தபால்காரர் வந்தாலும் எழும்பி நின்று "யெஸ் சேர்" என்பார். ஒருநாள் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த ஆளிடம் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே போய்விட்டான், மானம் போனது எனக்கு.

மாத்தளை டவுனில் திருகோணமலை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில்தான் எங்கள் கடை. போட்டோ கொப்பி, டைப்பிங், போட்டோ பிரின்ட், லெமினேட். லெமினேட் மெஷின் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு கடுதாசியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கோயில் ஃபாதர் கொடுத்த நற்சான்று, கடைசியில் எங்கள் கல்யாணச் சான்றிதழையும் மெஷினுக்குள் விட்டு எடுத்தார். எல்லாம் ஒரு றெக்சின் பையில், எந்த நேரமும் கக்கத்தில்.

"கல்யாணச் சேட்டிபிக்கட்ட எதுக்குங்க தூக்கிக்கிட்டு அலையிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்டா காட்டணும்ல புஷ்பம்?"

"அத யாரு கேக்கப்போறா? ஒங்களுக்கு இன்னொரு பொண்ணு குடுக்கவா?"

இப்படி நான் சீண்டாத நாள் இல்லை. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய அப்பா ராஜநாயகம் இதே டவுனில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தியவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வகுப்பை எரித்தார்கள். பக்கத்துச் சிங்கள வீட்டுக்காரர்கள்தான் குடும்பத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். சின்னப் பிள்ளை நோபர்ட்டைக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்து, அழுகைச் சத்தம் வெளியே கேட்காமல் வாயில் துணியை வைத்து அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். வெளியே வந்து பார்த்தபோது டைப்ரைட்டர்கள் சாம்பலுக்குள் கட்டிகட்டியாய்க் கிடந்தன. பிறகு எண்பத்தொன்பது வந்தது, வீதியோரம் பிணங்கள் எரிந்த வருஷம். அந்த வருஷம் பள்ளிக்கூடம் போகிற வழியில் எதைக் கண்டார் என்று எனக்கு இன்றுவரை சொன்னதில்லை. அப்படி வளர்ந்த மனுஷன் வேறு எப்படி இருப்பார், சொல்லுங்கள்.

நான் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அவர் அந்தோனியார் கோயில், நான் மாரியம்மன் கோயில். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் சாமி அவருக்கு, என் சாமி எனக்கு. எனக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி, பழனிமுத்து. தோட்ட வேலை பிடிக்காமல் தம்புள்ளையில் மரக்கறி முதலாளி ஒருவரிடம் வேலை செய்தான். வாரக் கடைசியில் லயத்துக்கு வருவான், திங்கட்கிழமை விடிய பஸ் ஏறிப் போவான்.

இரண்டாயிரத்து எட்டு ஓகஸ்ட்டில் அவன் மகள் பெரியபிள்ளையானாள். அவன் பெண்சாதி கமலாட்சிக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் சடங்கில் தாய்மாமன் இடத்தில் நோபர்ட்தான் நின்றார். பட்டு வேட்டி, தோளில் சால்வை, நெற்றியிலும் கன்னத்திலும் சந்தனம். வேதக்காரர் என்று பார்த்தால் நம்பமாட்டீர்கள். பிள்ளைக்கு மாலை போடும்போது சிரித்தார் ஒரு சிரிப்பு, நான் என் கல்யாணத்தில்கூட அப்படி ஒரு சிரிப்பைக் கண்டதில்லை. அந்தப் போட்டோக்களையெல்லாம் எங்கள் கடையிலேயே பென்னுக்குள் கொப்பி பண்ணித் தம்பியிடம் கொடுத்ததும் அவர்தான். பென் டிரைவைத்தான் நாங்கள் பென் என்போம். தம்புள்ளையில் கூட்டாளிகளுக்குக் காட்ட வேண்டுமென்று அதைத் தம்பி கூடவே வைத்துக்கொண்டான்.

கமலாட்சி என்ன செய்தாள் தெரியுமா? மூடி ஏற்கனவே தொலைந்துபோன பென், முழுசாகவும் தொலைந்துவிடக் கூடாதென்று அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்தாள். கண்ணூறு படாமலிருக்க ஒரு நீலப் பாசிமணியும் சேர்த்து அவன் கழுத்தில் போட்டுவிட்டாள். அவனும் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறான்! அந்த நாட்களில் ஒரு தமிழன் கழுத்தில் கறுப்புக் கயிறு கிடந்தால் இயக்கக்காரர் கட்டும் சயனைட் குப்பி என்றுதானே ஆமிக்காரன் நினைப்பான்? இது தெரியாத மண்டூகங்கள் இரண்டும் என் வீட்டில் வந்து வாய்த்தன.

சரஸ்வதி பூஜைக்கு லயத்துக்கு வந்த தம்பி திரும்பிப் போன திங்கட்கிழமை. நாங்கள் கடை திறந்து சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். கமலாட்சி டெலிபோன் எடுத்தாள். பேச்சு வரவில்லை, வெறும் அழுகை.

"மதினி, அவங்கள தம்புள்ள ரோட்டு செக்பொயின்ட்ல எறக்கிட்டாங்களாம். பஸ்ல வந்த ஆளுங்க சொன்னாங்க. கழுத்துக் கயித்தப் புடிச்சு இழுத்து, ரோட்டுல முட்டி போட வச்சு..."

அந்தக் காலத்தில் அப்படி இறக்கப்பட்டவர்களில் சிலர் அன்று பின்னேரமே வீடு வந்தார்கள். சிலரைக் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். கொழும்புக்குப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று கேட்டுக் கேட்டே பெண்சாதி பிள்ளைகள் ஓய்ந்துபோனார்கள். எங்கள் தோட்டத்தில் அழகமுத்து என்று ஒருவர் இருந்தார். அவர் போய் இரண்டு தீபாவளி கழிந்துவிட்டது.

"வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன்.

நோபர்ட் நாற்காலியைவிட்டு அசையவில்லை. "போய் என்னன்னு கேக்கிறது? நம்மளையும் சேத்துப் புடிச்சுட்டா? மொதல்ல ஃபாதர்கிட்ட..."

"கூடப்பிறந்தவன அங்க போட்டு மிதிக்கிறாங்க, ஒங்களுக்கு ஃபாதர் கேக்குதா?" என்று கத்தினேன். கத்தி வாய் மூடவில்லை, சந்துக்குள் பொலிஸ் ஜீப் வந்து எங்கள் கடை வாசலில் நின்றது.

இறங்கினவர் ஒரு சார்ஜன்ட். வயதானவர், தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பின்னாலே துவக்கோடு ஒரு பொலிஸ்காரன் வாசலை மறைத்து நின்றான். நோபர்ட் எழும்பி றெக்சின் பையைத் திறக்கப் போனார். சார்ஜன்ட் கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். அதற்குள் கறுப்புக் கயிறு, நீலப் பாசிமணி, பென்.

நான் போட்டோ கொப்பி மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பேசினதெல்லாம் சிங்களத்தில், நான் தமிழில் சொல்கிறேன். "இதை ஸ்டேஷன் கொம்பியூட்டரில் போட்டால் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் கொம்பியூட்டர் ஆள் லீவில். நீ திறந்து காட்டு" என்றார் சார்ஜன்ட். "இதை ஒருத்தன் குப்பி மாதிரி கழுத்தில் போட்டிருந்தான். போட்டோ என்கிறான். போட்டோ என்றால் தெரிய வேண்டுமே? இது திறந்து, உள்ளே வேறு ஒன்றும் இல்லையென்றால் ஸ்டேஷன் பெரியவர் அவனை விடச் சொல்லியிருக்கிறார். திறக்காவிட்டால் பின்னேரம் கொழும்புக்கு வான் போகிறது. அவனும் போவான், இதுவும் போகும்."

அவர் ஒரு தரம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இரத்தோட்டைப் பக்கத்து ஆள். பழனிமுத்து. தெரியுமா?"

"இல்ல சேர், தெரியாது" என்றார் நோபர்ட்.

அடப் பாவி மனுஷா! சொல்ல வேண்டுமென்று நினைத்துச் சொல்லவில்லை. கேள்வி முடியுமுன்னே வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன கையோடு அவர் முகம் வெள்ளைச் சுண்ணாம்பாய் வெளிறியதை நான் பார்த்தேன்.

"நல்லது" என்றார் சார்ஜன்ட். "தெரிந்தவன் எவனாவது மறைத்தான் என்று தெரியவந்தால் அவனையும் அதே வானில்தான் ஏற்றுவோம்."

இப்போது எங்கள் நிலைமையைப் பாருங்கள். தம்பி பிழைக்க வேண்டுமென்றால் பென் திறக்க வேண்டும். திறந்தால் முதலில் தெரியப்போவது சந்தனம் பூசிக்கொண்டு சிரிக்கிற நோபர்ட்டின் முகம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்துகொண்டு இரண்டு பேரும் மேசையைப் பார்த்தோம்.

நோபர்ட் பென்னை எடுத்து முன்பக்கத்துச் சொக்கட்டில் செருகினார். ஒன்றுமில்லை. சத்தமும் இல்லை, பென்னின் சின்ன லைட்டும் எரியவில்லை. கழற்றிப் பின்பக்கத்தில் செருகினார், அங்கும் இல்லை. இரண்டாவது கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தார். மெஷினை நிறுத்தி மறுபடி போட்டார். அது சாவகாசமாய் எழும்பி வருகிற மட்டும் சார்ஜன்ட் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கடையில் கேட்டது. மறுபடியும் ஒன்றுமில்லை.

"கரண்டே போகல்ல சேர்" என்று சொல்லிக்கொண்டு மேசை லைட்டை இழுத்துப் பென்னின் தகர வாய்க்குள் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். உள்ளே ஏதோ மஞ்சளாய்க் காய்ந்து, நடுவிலே சிவப்பாய் அடைத்துக்கொண்டிருந்தது.

சார்ஜன்டும் குனிந்து பார்த்தார். பார்த்தவுடனே இரண்டடி பின்னால் போனார். "அது என்ன மருந்து? கீழே வை! தொடாதே!" வாசலில் நின்றவன் துவக்கைத் தூக்கிவிட்டான். வாய் நேரே நோபர்ட்டின் நெஞ்சுக்கு. அவர் பென்னைக் கீழே வைக்கவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல் கையை நீட்டியபடி கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. அருள் நிறைந்த மரியே சொல்கிறார் என்று விளங்கியது.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கமலாட்சி! சரஸ்வதி பூஜைக்கு எங்கள் லயங்களில் புத்தகத்தை மட்டுமா வைப்போம்? கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, தையல் மெஷின், ரேடியோ, கைக்கு உதவுகிற சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைப்போம். அவள் பென்னையும் வைத்திருக்கிறாள். எங்கே பொட்டு வைப்பது என்று தெரியாமல், மூடியில்லாத அந்தத் தகர வாய்க்கு உள்ளேயே அப்பிவிட்டாள்!

"சந்துன், ரால்ஹாமி, சந்துன்!" என்று கத்தினேன். சிங்களத்தில் சந்தனத்துக்கு அதுதான் பேர், ரால்ஹாமி என்றால் பொலிஸ் ஐயா. பாய்ந்து போய் நோபர்ட்டின் கையிலிருந்து பென்னைப் பிடுங்கி, சேலையில் குத்தியிருந்த ஊசியால் கொஞ்சம் சுரண்டி, எச்சில் தொட்டு என் நெற்றியில் பூசிக் காட்டினேன். எங்கள் கொம்பியூட்டர் தலையைத் திருப்பி, அதன் மூலையில் நான் வைத்த பூஜைப் பொட்டையும் காட்டினேன். "எங்க தோட்டத்து ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் வைப்பாங்க. மருந்து இல்ல. மணந்து பாருங்க!"

சார்ஜன்ட் கிட்டே வந்தார். மணந்து பார்க்க முயன்றார். தடிமன் பிடித்த மூக்கில் என்ன மணக்கும்? பிறகு கொம்பியூட்டர் பொட்டை நகத்தால் சுரண்டி, பென்னில் இருந்ததோடு வைத்து ஒத்துப் பார்த்தார். துவக்கு மெல்லக் கீழே இறங்கியது. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சரி. துப்புரவாக்கு" என்றார்.

நோபர்ட் பல்லுக் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். மெஷின் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பிரஷ்ஷில் தொட்டு உள்ளே துடைத்தார். பாதி ஸ்பிரிட் மேசையில் போனது. ஊதிக் காயவைத்து மறுபடி செருகினார். பென்னில் சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது. கொம்பியூட்டர் டிங்டொங் என்று சத்தம் போட்டது.

சார்ஜன்ட் கதிரையை இழுத்துக்கொண்டு முன்னே வந்தார். நோபர்ட் மை கொம்பியூட்டரைத் திறந்தார். அங்கே எங்கள் பழைய சாமான்கள்தான் இருந்தன, பென்னைக் காணவில்லை.

ஏன் காணவில்லை என்று எனக்குத் தெரியும். கொம்பியூட்டர் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இங்கிலீஷ் எழுத்தைக் கொடுக்கும். அதுதான் அதற்கு சீட். செப்டெம்பரில் இரண்டாவது கொம்பியூட்டரை வாங்கி முதலாவதோடு தொடுத்ததிலிருந்து, பென்னுக்குச் சேரவேண்டிய எழுத்தை அந்த இணைப்புப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஒருத்தன் கைலேஞ்சி போட்டுவைத்த சீட்டில் இன்னொருத்தன் ஏறி நிற்பது மாதிரி. ஆள் பஸ்ஸுக்குள் இருப்பான், உட்கார இடம் இருக்காது. அந்த எழுத்தை மாற்றிக்கொடுத்தால் போதும், பென் தெரியும். ஒரு மாசமாய் எந்தக் கஸ்டமர் பென் கொண்டு வந்தாலும் இதே கூத்துத்தான். நோபர்ட் கொட்டாவி விட்டுக்கொண்டு மாற்றுவார். கண்ணை மூடிக்கொண்டு நானே மாற்றுவேன்.

சார்ஜன்டுக்கு இது தெரியாது.

"செத்துப்போய்விட்டதா?" என்று கேட்டார்.

நோபர்ட் மவுஸில் வைத்த கை வைத்தபடி இருந்தது. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் வீட்டுக்கு வருவார், சோறு சாப்பிடுவார், யாரும் அவரைத் தொடமாட்டார்கள். பழனிமுத்து வானில் ஏறுவான். நான் வாயைத் திறந்து எழுத்தை மாத்துங்க என்று சொல்லலாம். சொன்னால் தாலி கட்டினவரை என் வாயாலேயே பிடித்துக் கொடுக்கிறேன். சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவனை விற்றவளாவேன். மாரியம்மா, எனக்கு ஏனடி இந்தச் சோதனை என்று மனசுக்குள் கதறினேன். எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அடுத்த கடை பதுர்தீன் நானா சார்ஜன்டுக்கு என்று பிளேன்டீ கொண்டு வந்தார். ஜீப்பைக் கண்டு, எங்களுக்காகப் பயந்துதான் அந்த மனுஷன் அப்படி ஓடி வந்தது. சார்ஜன்ட் கிளாஸை வாங்கத் திரும்பினார். பென்னைக் கழற்றிக் கீழே போட்டு மிதித்திருந்தாலும் அந்த நேரம் யாருக்கும் தெரிந்திருக்காது. நோபர்ட் கழற்றவில்லை. நான் அவர் கழுத்தைப் பார்த்தேன், வியர்வை சட்டைக் கொலருக்குள் வடிந்துகொண்டிருந்தது.

"சரி, கழற்றிக் கொடு. கொழும்பில் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார் சார்ஜன்ட், டீயை ஊதிக்கொண்டு.

"கொஞ்சம் இருங்க சேர்" என்றார் நோபர்ட். அந்தச் சத்தம் தொண்டையிலிருந்து வரவில்லை, எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இது சாகல்ல. எழுத்து மாத்தணும்."

மாற்றினார். பென் வந்தது. திறந்தார்.

திரை நிறையச் சின்னச் சின்னப் படங்கள். சார்ஜன்ட் கிளாஸை வைத்துவிட்டுப் பெரிதாக்கச் சொன்னார். என் மருமகள் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்தது ஆலாத்தி. அடுத்தது பழனிமுத்தும் கமலாட்சியும். அதற்கடுத்த படத்தில், பட்டு வேட்டியும் சால்வையுமாய், பிள்ளைக்கு மாலை போட்டுச் சிரித்துக்கொண்டு, அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்த அதே மனுஷன்.

சார்ஜன்ட் திரையைப் பார்த்தார். நோபர்ட்டைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது யார்?"

நோபர்ட் எழும்பி நின்றார். அவருடைய கால்சட்டை நனைந்து, கீழே சீமெந்துத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் கண்டேன், சார்ஜன்டும் கண்டார், வாசலில் நின்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்படியே நின்றுகொண்டு சொன்னார்.

"அது நான் சேர். பழனிமுத்து என் மச்சான். தெரியாதுன்னு சொன்னது பொய். பயத்துல சொல்லிட்டேன். அந்தப் பென்னுல சடங்கு போட்டோவும் சாமிப் பாட்டும் தவிர ஒன்னும் இல்ல. நான்தான் போட்டுக் குடுத்தேன்."

சார்ஜன்ட் பாக்கிப் படங்கள் எல்லாவற்றையும் பார்த்தார், பாட்டுகளை ஒவ்வொன்றாய்ப் போட்டுக் கேட்டார். முருகனும் அம்மனும் கடைக்குள் முழங்க முழங்க நாங்கள் நின்றோம். பிறகு பென்னை உறையில் போட்டுக்கொண்டு நோபர்ட்டின் தோளில் கையை வைத்தார். "கால்சட்டையை மாற்றிக்கொண்டு வா" என்றார். அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

ஜீப் போன பிறகு மேசையில் றெக்சின் பை கிடந்தது. அந்த மனுஷன் வாழ்நாளில் முதல் தடவையாக அதை மறந்துவிட்டுப் போயிருந்தார். நான் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். வாசலில் மறித்தார்கள்.

"நீ அவனுக்கு யார்?"

"பெண்சாதி."

"அதற்கு என்ன அத்தாட்சி?"

கல்யாணச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். லெமினேட் பண்ணியது, பளபளவென்று இருந்தது.

பின்னேரம் பழனிமுத்து வெளியே வந்தான். உதடு வீங்கி, ஒரு கால் செருப்பு இல்லாமல். கமலாட்சி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் அவளை விலக்கிவிட்டு என்னைப் பார்த்து, "அக்கா, மச்சான் எங்க?" என்று கேட்டான். நான் கையைக் காட்டினேன். கொழும்பு வான் அப்போதுதான் கேட்டைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. பொய் சொன்னவனை விசாரிக்க வேண்டுமாம். தம்பிக்கு வைத்திருந்த சீட்டில் அவர் போனார்.

அதற்குப் பிறகு நான் பட்டதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஃபாதர் அலைந்தார், லோயர் ஒருவரைப் பிடித்தோம், பதுர்தீன் நானா கொழும்புவரை கூட வந்தார். காலையில் கடை திறந்தால் சந்துக்குள் எந்த வாகனம் திரும்பினாலும் நெஞ்சு நின்று நின்று ஓடியது. காக்கியைக் கண்டால் எழும்பி நிற்கிறவளாய் நானே ஆகிவிட்டேன். அப்போதுதான் அந்த மனுஷன் ஆயுசு முழுக்க எதைச் சுமந்துகொண்டு நடந்தார் என்று எனக்கு விளங்கியது.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னே விட்டார்கள். மெலிந்து, தாடி வளர்ந்து வந்தார். அங்கே என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயம் ஒரு துளியும் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. கதவு படாரென்று அடித்தால் இப்போதும் கையைத் தலைக்கு மேலே தூக்கிவிடுவார்.

ஜனவரியில் ஒருநாள் பகல், கடைக்கு ஒரு டீச்சரம்மா வந்தார். பென் தெரியவில்லை, செத்துப்போய்விட்டது போல என்றார். நோபர்ட் செருகினார், டிங்டொங் கேட்டது, எழுத்தை மாற்றினார், தெரிந்தது. டீச்சரம்மா போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு செத்துப்போச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்தானே? ஏன் சொல்லல்ல?"

அவர் கொஞ்ச நேரம் கீபோர்ட்டைத் துடைத்தார். "சொல்லத்தான் நெனைச்சேன் புஷ்பம். பயமா இருந்துச்சு."

"சொல்றதுக்கு என்னங்க பயம்? தொறக்கிறதுக்குத்தானே பயப்படணும்?"

"எழுத்து மாத்தினா வரும்னு ஒனக்குத் தெரியும்ல? பழனி போயிருந்தான்னா, நீ என்னைய ஒன்னும் கேட்டிருக்க மாட்ட. சோறு போட்டிருப்ப, டீ ஊத்திக் குடுத்திருப்ப. ஆனா அதுக்கப்பொறம் நீ என்னைய திட்டியிருக்க மாட்ட. ஒரு நாளும். அத நெனைச்சுத்தான் பயந்தேன்."

நான் அவரைப் பார்த்தேன். அந்த மனுஷன் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ, பைத்தியக்கார மனுஷா, கூறுகெட்ட மனுஷா, பொழைக்கத் தெரியாத மனுஷா என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கண்ணீரும் மூக்கும் வடிய வடிய, சந்து முழுக்கக் கேட்கத் திட்டினேன். பதுர்தீன் நானா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நோபர்ட் மவுஸை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.